ஒலி வடங்களும் ஒலித்தரமும்

ஒலி வடம் என்பது ஒலி அமைப்பு ஒன்றின் கருவிகளை ஒன்றோடொன்று இணைத்து, ஒலிக்குரிய மின் குறிகையைக் கடத்தும் கம்பித் தொகுப்பு ஆகும். பேச்சு வழக்கில் இது கேபிள் அல்லது வயர் என்று அழைக்கப்படுகிறது. வீட்டு ஒலி அமைப்புகளுக்கென சில நூறு ரூபாய் முதல் பல இலட்சம் ரூபாய் வரை விலையுள்ள வடங்கள் விற்கப்படுகின்றன. விலை மிகுந்த வடம் இசையை மேலும் தெளிவாக ஒலிக்கச் செய்யுமா என்ற கேள்வி 1970களின் இறுதியிலிருந்து விவாதிக்கப்பட்டு வருகிறது. இதற்கு மின்னியல் தரும் விடை ஒற்றைச் சொல்லில் அடங்குவதன்று. வடம் ஒலியை மாற்றக்கூடும். ஆனால் அந்த மாற்றம் மின்தடை, மின்தூண்டம், மின்தேக்குதிறன், இரைச்சல் தடுப்பு ஆகிய அளக்கத்தக்க பண்புகளின் வழியாகவே நிகழ்கிறது. இப்பண்புகள் வடத்தின் நீளம், தடிமன், அமைப்பு ஆகியவற்றைப் பொறுத்தவை. விலையைப் பொறுத்தவை அல்ல.

வரலாறு

வீட்டு ஒலி அமைப்புகள் பரவத் தொடங்கிய காலத்தில் ஒலிபெருக்கிகளை இணைக்க, மேசை விளக்குகளுக்குப் பயன்படும் சாதாரண இரட்டைக் கம்பியே பயன்படுத்தப்பட்டது. 1970களில் ஒலிபெருக்கிக்கெனத் தனி வடங்கள் விற்பனைக்கு வந்தன. அமெரிக்கப் பொறியாளர் நோயல் லீ 1979 ஆம் ஆண்டில் தொடங்கிய மான்ஸ்டர் கேபிள் நிறுவனம் இவ்வணிகத்தைப் பெரிதும் வளர்த்தது. அதன் பின் பல நிறுவனங்கள் தூய செம்பு, வெள்ளி, சிறப்புப் பின்னல் அமைப்பு ஆகியவற்றை முன்னிறுத்தி வடங்களை விற்கலாயின. வடம் ஒரு துணைப்பொருள் என்ற நிலையிலிருந்து மாறி, மிகைப்பி, ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கு இணையான ஒலிக்கருவியாக விளம்பரப்படுத்தப்பட்டது இக்காலத்திலேயே ஆகும்.

வடங்களின் வகைகள்

வீட்டு ஒலி அமைப்பில் நான்கு வகை வடங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் வெவ்வேறு சூழலில் இயங்குவதால், ஒன்றுக்குப் பொருந்தும் விதி மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை.

* ஒலிபெருக்கி வடம்: ஆம்ப்ளிபையர் எனப்படும் மிகைப்பியையும் ஒலிபெருக்கியையும் இணைப்பது. இதில் பல ஆம்பியர் வரை மின்னோட்டம் பாயக்கூடும்.
* இணைப்பு வடம்: குறுந்தட்டு இயக்கி, இசைத்தட்டுச் சுழலி போன்றவற்றை மிகைப்பியுடன் இணைப்பது. இதில் பாயும் மின்னோட்டம் மிகச் சிறியது.
* எண்முறை வடம்: ஒலியை 0, 1 ஆகிய இலக்கங்களாகக் கடத்துவது.
* மின்வழங்கல் வடம்: சுவரிலுள்ள மின் இணைப்பிலிருந்து கருவிக்கு மின்சாரம் தருவது.

அடிப்படை மின் பண்புகள்

எந்த இரு கம்பி வடத்திற்கும் மூன்று அடிப்படைப் பண்புகள் உண்டு. மின்னோட்டத்தைக் கம்பி எதிர்க்கும் அளவு மின்தடை எனப்படும். கம்பியைச் சுற்றி உண்டாகும் காந்தப்புலம் மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் பண்பு மின்தூண்டம் ஆகும். அருகருகே உள்ள இரு கம்பிகள் தமக்கிடையே மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் திறன் மின்தேக்குதிறன் ஆகும். இவற்றின் கூட்டு விளைவாக மாறுதிசை மின்னோட்டத்திற்கு ஏற்படும் மொத்த எதிர்ப்பு மின்னெதிர்ப்பு எனப்படுகிறது. மின்தடையும் மின்னெதிர்ப்பும் ஓம் என்னும் அலகால் அளக்கப்படுகின்றன.

மனிதர் கேட்கும் ஒலியின் அதிர்வெண் ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஆகும். வானொலி, தொலைக்காட்சிக் குறிகைகளோடு ஒப்பிடும்போது இவை மிகக் குறைந்த அதிர்வெண்கள். ஆகவே சில மீட்டர் நீளமுள்ள வடத்தின் மின்தூண்டமும் மின்தேக்குதிறனும் பெரும்பாலான வேளைகளில் புறக்கணிக்கத்தக்க அளவிலேயே உள்ளன.

ஒலிபெருக்கி வடம்

மின்தடையும் தடிமனும்

பெரும்பாலான வீட்டு ஒலிபெருக்கிகளின் பெயரளவு மின்னெதிர்ப்பு 4 முதல் 8 ஓம் வரை உள்ளது. இது சிறிய மதிப்பு என்பதால், வடத்தின் மின்தடை இதனுடன் ஒப்பிடத்தக்க அளவில் இருந்தால் மிகைப்பி தரும் ஆற்றலின் ஒரு பகுதி வடத்திலேயே வெப்பமாகி வீணாகும். செம்பின் தன் மின்தடையைக் கொண்டு இதை எளிதில் கணக்கிடலாம். ஒலிபெருக்கி 5 மீட்டர் தொலைவில் உள்ளதாகக் கொண்டால், மின்னோட்டம் சென்று திரும்பும் பாதையின் நீளம் 10 மீட்டர் ஆகும். 8 ஓம் ஒலிபெருக்கிக்கு ஏற்படும் இழப்பு பின்வருமாறு:

* 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பி: மின்தடை 0.34 ஓம், இழப்பு 0.37 டெசிபெல்
* 1.0 சதுர மில்லிமீட்டர் கம்பி: மின்தடை 0.17 ஓம்; இழப்பு 0.18 டெசிபெல்
* 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி: மின்தடை 0.115 ஓம், இழப்பு 0.12 டெசிபெல்
* 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி: மின்தடை 0.069 ஓம்; இழப்பு 0.07 டெசிபெல்
* 4.0 சதுர மில்லிமீட்டர் கம்பி: மின்தடை 0.043 ஓம், இழப்பு 0.05 டெசிபெல்

மின்பொருள் கடைகளில் வீட்டு மின்னிணைப்புக்காக விற்கப்படும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியிலேயே இழப்பு ஒரு டெசிபெலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதை இதிலிருந்து அறியலாம். அதற்கு மேல் கம்பியைத் தடிமனாக்கினாலும் கிடைக்கும் பயன் மிகச் சிறிது.

மாறும் மின்னெதிர்ப்பின் விளைவு

மேலே கூறிய இழப்பு எல்லா அதிர்வெண்களிலும் ஒரே அளவாக இருந்தால் ஒலி சற்றே தணியும், அவ்வளவே. ஒலியின் தன்மை மாறாது. ஆனால் ஒலிபெருக்கியின் மின்னெதிர்ப்பு அதிர்வெண்ணைப் பொறுத்து மாறுபடுகிறது. ஓர் ஒலிபெருக்கியின் மின்னெதிர்ப்பு சில அதிர்வெண்களில் 4 ஓம் ஆகவும், வேறு சிலவற்றில் 30 ஓம் ஆகவும் இருப்பதாகக் கொள்வோம். 0.34 ஓம் மின்தடையுள்ள மெல்லிய வடத்தில் முதலாவதில் 0.72 டெசிபெலும், இரண்டாவதில் 0.1 டெசிபெலும் இழப்பு ஏற்படும். அதாவது, ஒலியின் சில பகுதிகள் மற்றவற்றைவிட 0.6 டெசிபெல் தணிந்து கேட்கும். கூர்ந்து கேட்பவர் இதனை உணரக்கூடும். இதே ஒலிபெருக்கியை 2.5 சதுர மில்லிமீட்டர் வடத்தால் இணைத்தால் இவ்வேறுபாடு 0.13 டெசிபெலாகச் சுருங்கிவிடும்.

எனவே வடம் ஒலியின் தன்மையை உண்மையிலேயே மாற்றக்கூடிய முதன்மையான சூழல், நீண்ட தொலைவுக்கு மிக மெல்லிய கம்பியைப் பயன்படுத்துவதே ஆகும். வடத்தின் மொத்த மின்தடை ஒலிபெருக்கியின் பெயரளவு மின்னெதிர்ப்பில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகக் கையாளப்படும் விதியாகும். 8 ஓம் ஒலிபெருக்கிக்கு இது 0.4 ஓம் ஆகும்.

மின்தூண்டமும் புறப்பரப்பு விளைவும்

சாதாரண இரட்டைக் கம்பியில் 5 மீட்டருக்கு ஏறத்தாழ 3 மைக்ரோஹென்றி மின்தூண்டம் இருக்கும். 20,000 ஹெர்ட்ஸில் இது 0.38 ஓம் எதிர்ப்பைத் தருகிறது. இது மின்தடையைப் போல நேரடியாகக் கூடுவதில்லை. செங்கோண முக்கோணத்தின் பக்கங்களைப் போலக் கூடுகிறது. ஆதலால் 8 ஓம் தடையாகச் செயற்படும் சுமையில் இழப்பு 0.01 டெசிபெல் மட்டுமே.

உயர் அதிர்வெண்களில் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பை ஒட்டியே பாயும் என்பது புறப்பரப்பு விளைவு எனப்படும். விலை உயர்ந்த வடங்களின் விளம்பரங்களில் இது அடிக்கடி குறிப்பிடப்படுகிறது. இவ்விளைவு உண்மையானது. செம்பில் 20,000 ஹெர்ட்ஸில் மின்னோட்டம் ஊடுருவும் ஆழம் சுமார் 0.47 மில்லிமீட்டர் ஆகும். இதனால் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியின் மின்தடை அந்த அதிர்வெண்ணில் ஏறத்தாழ கால் பங்கு கூடும், அதாவது, 0.069 ஓம் என்பது 0.09 ஓமுக்கு அருகில் வரும். 8 ஓம் ஒலிபெருக்கியில் இதன் விளைவு 0.02 டெசிபெல் அளவே. ஒரு விளைவு உண்மையானதா என்பதும், அது காதுக்கு எட்டும் அளவினதா என்பதும் இரு வேறு கேள்விகள் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

இணைப்பு வடம்

இணைப்பு வடத்தில் நிலைமை வேறு. மிகைப்பியின் உள்ளீட்டு மின்னெதிர்ப்பு பல ஆயிரம் ஓம் ஆதலால் வடத்தின் மின்தடைக்கு இங்கு முக்கியத்துவம் இல்லை. இங்கு கருதத்தக்கவை மின்தேக்குதிறனும் இரைச்சல் தடுப்பும் ஆகும்.

மின்தேக்குதிறன்

இவ்வகை வடங்களில் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் மின்தேக்குதிறன் இருப்பது வழக்கம். குறுந்தட்டு இயக்கியின் வெளியீட்டு மின்னெதிர்ப்பை 1,000 ஓம் எனக் கொண்டால், 2 மீட்டர் வடம் சுமார் 8 இலட்சம் ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண்களையே குறிப்பிடத்தக்க அளவில் தணிக்கும். இது செவியின் எல்லையைவிட 40 மடங்கு உயர்ந்தது. ஆகவே மாற்றம் எதுவும் கேட்காது.

ஆனால் மூலக்கருவியின் மின்னெதிர்ப்பு உயர்ந்திருந்தால் கணக்கு மாறும். அதே வடம் 25,000 ஓம் மூலத்துடன் இணைக்கப்பட்டால் 20,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 1.5 டெசிபெல் இழப்பு ஏற்படும். நடைமுறையில் இரு இடங்களில் இத்தகைய விளைவைக் காணலாம்.

* இசைத்தட்டுச் சுழலி: நகரும் காந்த வகை ஒலியெடுப்பியின் மின்தூண்டம் சுமார் 0.5 ஹென்றி வரை இருக்கும். அது வடத்தின் மின்தேக்குதிறனுடன் சேர்ந்து ஒத்ததிர்வை உண்டாக்கும். மொத்த மின்தேக்குதிறன் 250 பிக்கோஃபாரட் எனில் ஒத்ததிர்வு சுமார் 14,000 ஹெர்ட்ஸில் அமையும்; 450 பிக்கோஃபாரட் எனில் 10,600 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். இது தெளிவாகக் கேட்கக்கூடிய மாற்றம். இதனாலேயே ஒலியெடுப்பிகளின் தயாரிப்பாளர்கள் பொருத்தமான மின்தேக்குதிறனைக் குறிப்பிடுகின்றனர்.
* மின் கித்தார்: இதன் ஒலியெடுப்பிகளின் மின்தூண்டம் பல ஹென்றி வரை இருக்கும். நீண்ட வடத்தை இணைத்தால் உச்ச ஒலிகள் மங்குவதைக் கித்தார் கலைஞர்கள் அறிவர்.

இரைச்சல் தடுப்பு

இணைப்பு வடத்தில் பாயும் குறிகை சிறியது என்பதால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் எளிதில் கலந்துவிடும். இதைத் தடுக்கவே நடுக்கம்பியைச் சுற்றி உலோகப் பின்னலுறை அமைக்கப்படுகிறது. அடர்த்தியற்ற உறையுள்ள மலிவான வடங்களில் இரைச்சல் கேட்கக்கூடும்.

இரு கருவிகள் இரு வேறு இடங்களில் நிலத்தொடர்பு பெற்றிருக்கும்போது, வடத்தின் உறை வழியாக ஒரு நிலத்தொடர்புச் சுற்று உருவாகி, விடாத ரீங்காரம் கேட்கும். மின்வழங்கல் 50 ஹெர்ட்ஸில் இயங்கும் இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளில் இந்த ரீங்காரம் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸ் போன்றவற்றிலும் அமையும். வடத்தை மாற்றுவதைவிட, கருவிகள் அனைத்தையும் ஒரே மின்பலகையில் இணைப்பது இதற்குப் பெரும்பாலும் தீர்வாகும். பாதுகாப்புக்கென உள்ள நிலக்கம்பியைத் துண்டிப்பது உயிருக்கு ஆபத்தானது. அதனை ஒருபோதும் செய்யலாகாது.

எண்முறை வடம்

எண்முறை வடத்தில் ஒலியின் வடிவம் நேரடியாகப் பயணிப்பதில்லை, எண்களே பயணிக்கின்றன. குறுந்தட்டின் ஒலி நொடிக்கு சுமார் 14 இலட்சம் இலக்கங்களாகச் செல்கிறது. பெறும் கருவி ஒவ்வோர் இலக்கத்தையும் 0 அல்லது 1 எனச் சரியாக இனங்கண்டுவிட்டால், வடம் எதுவாயினும் கிடைக்கும் எண்கள் ஒன்றே. வடம் குறைபாடுடையதாயின் ஒலி சற்று மங்குவதில்லை. இடையிடையே வெடிப்பொலி கேட்கும், அல்லது ஒலி முற்றிலும் நின்றுவிடும். இலக்கங்கள் வந்து சேரும் நேரத்தில் ஏற்படும் நுண்ணிய தடுமாற்றம் ஒலியைப் பாதிக்கும் என்ற கூற்றும் உண்டு. எனினும் இலக்கங்களைத் தற்காலிகமாகச் சேமித்துத் தன் கடிகாரத்தின்படி வெளியிடும் கருவிகளில் இதற்கு இடமில்லை. தோசிபா நிறுவனம் 1983 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய ஒளியிழை இணைப்பில் உலோகக் கம்பியே இல்லாததால் நிலத்தொடர்பு ரீங்காரமும் ஏற்படுவதில்லை.

விளம்பரக் கூற்றுகளும் இயற்பியலும்

* தூய செம்பு: ஆக்சிசன் நீக்கிய செம்பு சிறந்தது எனப்படுகிறது. மின்கம்பிகளுக்குப் பயன்படும் சாதாரண செம்பே 99.9 விழுக்காடு தூயது. இரண்டின் கடத்துதிறனுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1 விழுக்காடே.
* வெள்ளி: வெள்ளி செம்பைவிட ஏறத்தாழ 6 விழுக்காடு நன்றாகக் கடத்துகிறது. செப்புக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பை 6 விழுக்காடு கூட்டினால் அதே மின்தடையைப் பெறலாம்.
* திசை: சில வடங்களில் குறிகை பாய வேண்டிய திசை அம்புக்குறியால் காட்டப்படுகிறது. ஒலிக் குறிகை மாறுதிசை மின்னோட்டம் ஆகும்; 1,000 ஹெர்ட்ஸ் ஒலியில் அது நொடிக்கு 2,000 முறை திசை மாறுகிறது. எனவே செம்புக்கு விருப்பமான திசை என ஒன்று இல்லை. ஆயினும் உறை ஒரு முனையில் மட்டும் இணைக்கப்பட்ட வடங்களில், அம்முனை எது எனக் காட்டும் அம்புக்குறிக்குப் பொறியியல் பொருள் உண்டு.
* பழக்குதல்: புதிய வடத்தைப் பல நூறு மணி நேரம் இயக்கிய பின்னரே முழுத்தரம் வெளிப்படும் எனப்படுகிறது. ஒலிபெருக்கியின் அசையும் பாகங்கள் பயன்பாட்டில் சற்றுத் தளர்வது உண்மை. வடத்தில் அசையும் பாகம் எதுவும் இல்லை.
* மின்வழங்கல் வடம்: மின் நிலையத்திலிருந்து பல கிலோமீட்டர் சாதாரணக் கம்பிகளின் வழியே வரும் மின்சாரம், கருவிக்குள் நேர்மின்னோட்டமாக மாற்றப்பட்டு, மின்தேக்கிகளால் சீராக்கப்பட்ட பின்னரே ஒலிச்சுற்றை அடைகிறது. போதிய தடிமனுள்ள வடத்தின் கடைசி ஒரு மீட்டரை மட்டும் மாற்றுவதால் விளையும் பயனுக்கு மின்னியல் அடிப்படை இல்லை.

கேட்புச் சோதனைகள்

வடத்தை மாற்றியதும் ஒலி மேம்பட்டதாகப் பலர் உறுதியாகக் கூறுகின்றனர். இதனை ஆராய மறைநிலைச் சோதனை பயன்படுகிறது. இதன் ஒரு வகை ஏபிஎக்ஸ் சோதனை ஆகும். இதற்கான கருவியை டேவிட் கிளார்க் 1982 ஆம் ஆண்டில் ஒலிப் பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் விளக்கினார். கேட்பவருக்கு முதலில் ஏ, பி ஆகிய இரு வடங்களும் அறிமுகப்படுத்தப்படும். பின்னர் அவ்விரண்டில் ஏதோ ஒன்று எக்ஸ் என்ற பெயரில் இணைக்கப்படும். அது எது என்பதைக் காதால் கேட்டு மட்டுமே கூற வேண்டும். 16 முறையில் 12 அல்லது அதற்கு மேற்பட்ட சரியான விடைகள் வெறும் ஊகத்தால் கிடைக்கும் வாய்ப்பு 4 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே அதனை எட்டுபவர் வேறுபாட்டை உண்மையிலேயே கேட்கிறார் எனக் கொள்ளலாம்.

1983 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவியூ இதழில் லாரன்ஸ் கிரீன்ஹில் இத்தகைய ஒப்பீடு ஒன்றை வெளியிட்டார். தடித்த சிறப்பு வடம், சாதாரண 16 கேஜ் கம்பி, மிக மெல்லிய 24 கேஜ் கம்பி ஆகியவை ஒப்பிடப்பட்டன. மெல்லிய கம்பியை அதன் ஒலியளவுக் குறைவால் அடையாளம் காண முடிந்தது. தடித்த சிறப்பு வடத்தையும் சாதாரண 16 கேஜ் கம்பியையும் இசையைக் கேட்டு நம்பகமாகப் பிரித்தறிய இயலவில்லை. மேலே கண்ட மின்தடைக் கணக்கோடு இம்முடிவு ஒத்துப்போகிறது. 1991 ஆம் ஆண்டில் பிரெட் டேவிஸ் 12 ஒலிபெருக்கி வடங்களை அளந்து, மிகைப்பி, வடம், ஒலிபெருக்கி ஆகியவற்றின் கூட்டு விளைவை அதே கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டார்.

2007 ஆம் ஆண்டில் அமெரிக்க மாயவித்தைக் கலைஞரும் ஐயுறவாளருமான ஜேம்ஸ் ராண்டி, 12 அடி இணை ஒன்று 7,250 அமெரிக்க டாலர் விலையுள்ள ஒலிபெருக்கி வடத்தைச் சாதாரண வடத்திலிருந்து மறைநிலையில் பிரித்தறிந்தால் தம் அறக்கட்டளையின் பத்து இலட்சம் டாலர் பரிசு வழங்கப்படும் என அறிவித்தார். ஒலித்துறை எழுத்தாளர் ஒருவர் முன்வந்தபோதிலும் வடத் தயாரிப்பாளர் விலகிக்கொண்டதைத் தொடர்ந்து சோதனை நடைபெறவில்லை. நடைபெறாத சோதனை எத்தரப்புக்கும் சான்றாகாது.

மறைநிலைச் சோதனை கேட்பவருக்குப் பதற்றம் தருவதாகவும், நுண்ணிய வேறுபாடுகள் நீண்ட நாள் கேட்டால்தான் புலப்படும் என்றும் எதிர்த்தரப்பினர் வாதிடுகின்றனர். இச்சோதனைக்குக் கால எல்லை இல்லை. ஒருவர் தம் வீட்டிலேயே, தாம் விரும்பும் இசையைக் கொண்டு, வாரக்கணக்கில் நடத்தலாம். எந்த வடம் இணைக்கப்பட்டுள்ளது என்பதை அறியாதிருத்தல் ஒன்றே அதன் நிபந்தனை.

மாற்றம் உணரப்படுவது ஏன்?

வடத்தை மாற்றியவர் மாற்றத்தை உணர்ந்ததாகக் கூறுவது பொய் அன்று. அந்த உணர்வுக்கு வடம் அல்லாத காரணங்கள் பல இருக்கக்கூடும்.

* ஒலியளவு: சிறிதளவு உரத்த ஒலி, உரத்ததாக அன்றி, தெளிவானதாகவே உணரப்படும். எனவேதான் முறையான சோதனைகளில் ஒலியளவுகள் 0.1 டெசிபெல் அளவுக்குச் சமன் செய்யப்படுகின்றன.
* தலையின் இடம்: 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 சென்டிமீட்டர் மட்டுமே. எழுந்து சென்று வடத்தை மாற்றி வந்து அமர்பவரின் தலை சில சென்டிமீட்டர் நகர்ந்தாலே காதை அடையும் ஒலி மாறிவிடும்.
* நினைவு: ஒலியின் நுண்ணிய தன்மையைச் செவி சில நொடிகளே துல்லியமாக நினைவில் வைத்திருக்கிறது. வடத்தை மாற்றச் சில நிமிடங்கள் ஆகின்றன.
* முனைகளின் தூய்மை: பழைய வடத்தைக் கழற்றிப் புதியதை மாட்டும்போது இணைப்பு முனைகளில் படிந்திருந்த ஆக்சைடு உராய்ந்து நீங்குகிறது. இதனால் ஒலி உண்மையிலேயே மேம்படலாம். பழைய வடத்தையே கழற்றி மாட்டியிருந்தாலும் அதே பயன் கிடைத்திருக்கும்.
* எதிர்பார்ப்பு: விலையும் தோற்றமும் கேட்டலை மாற்றுகின்றன. இது எல்லா மனிதருக்கும் பொதுவானது. பயிற்சி பெற்ற செவியும் இதற்கு விலக்கன்று.

நடைமுறைப் பரிந்துரைகள்

* 5 மீட்டர் வரை 1.5 அல்லது 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போதுமானது. தொலைவு இரு மடங்கானால் கம்பியின் பரப்பையும் இரு மடங்காக்க வேண்டும்.
* செம்பு பூசிய அலுமினியக் கம்பிகளும் ஒலிபெருக்கி வடமாக விற்கப்படுகின்றன. இவற்றின் மின்தடை அதே தடிமனுள்ள செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆகும். வாங்கும்போது இதனைக் கவனிக்க வேண்டும்.
* இரு ஒலிபெருக்கிகளிலும் நேர், எதிர் முனைகள் ஒரே முறையில் இணைக்கப்பட வேண்டும். ஒன்றில் மாறியிருந்தால் ஆழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். செலவின்றித் திருத்தக்கூடிய பிழைகளுள் இதுவே காதுக்கு மிகத் தெளிவாகத் தெரிவது.
* முனைகள் இறுக்கமாகவும் துருவின்றியும் இருக்க வேண்டும்.
* ஒலித்தரத்தை மேம்படுத்த விரும்புவோர் ஒலிபெருக்கியையும் அறையையும் முதலில் கவனிப்பது நலம். 4 மீட்டர் நீளமுள்ள அறை சுமார் 43 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்ந்து, அவ்வொலியை இடத்துக்கு இடம் 10 டெசிபெலுக்கும் மேலாக வேறுபடுத்தக்கூடும். ஒலிபெருக்கியை அரை மீட்டர் நகர்த்துவதால் விளையும் மாற்றம், தகுந்த தடிமனுள்ள எந்த இரு வடங்களுக்கும் இடையிலான வேறுபாட்டைவிடப் பன்மடங்கு பெரியது.

இவற்றையும் பார்க்கவும்

* ஒலிபெருக்கி
* மிகைப்பி
* மின்தடை
* டெசிபெல்
* புறப்பரப்பு விளைவு
* மறைநிலைச் சோதனை